வால்வும் கடவாய்ப் பல்லும்

இதய வால்வு மாற்றிக்கொண்ட ஒருவருக்குக் கடவாய்ப் பல் வலித்தால் முதலில் எங்கே போவார்? வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கம் பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்புக்குத்தான். "பல் வலிக்கு ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்று கேட்டால், சின்னக் காகித உறையில் மூன்று வகை மாத்திரை வரும்: அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், டைக்ளோஃபெனாக். வலி அடங்கிவிடும். சொத்தை அப்படியே இருக்கும். சில வாரம் கழித்து மறுபடியும் அதே உறை.

பல் டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டால் காரணம் தயாராக இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. போனால், நெஞ்சில் உள்ள தழும்பைப் பற்றிச் சொன்னதுமே, "ஹார்ட் டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஹார்ட் டாக்டர் வரச் சொன்ன தேதிக்கோ இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர் என்றால் ஒரு நாள் லீவு ஒரு நாள் சம்பளம். பீஞ்சமந்தை மாதிரி மலை ஊராட்சியில் இருப்பவருக்கு வேலூர் போய்த் திரும்பவே பகல் முடிந்துவிடும். வீட்டில் பெரியவர்களும், "ஆபரேஷன் பண்ண உடம்பு, பல்லுல போய்க் கை வைக்காதே" என்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். பல் வைத்தியத்தில் இதய நோயாளிக்கு ஆபத்து உண்டு என்பது உண்மை. அதைத் தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது என்பதும் உண்மை. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது உண்மையைப் பற்றியது.

வேலூர் வட்டாரத்துக்கும் இதய வால்வுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது சி.எம்.சி. மருத்துவமனை. 1940களின் கடைசியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் அங்கே வந்தார். அதன் பிறகு நெஞ்சு அறுவைச் சிகிச்சை கற்க நாடெங்கிலும் இருந்து இளம் மருத்துவர்கள் வேலூருக்கு வந்தார்கள். மைட்ரல் வால்வு சுருங்கி மூச்சு வாங்கியவர்களுக்கு, இதயத்தை முழுக்கத் திறக்காமலே அந்த வால்வை விரித்துவிடும் சிகிச்சையை இங்கே ஆயிரக்கணக்கில் செய்தார்கள். ஸ்டான்லி ஜானும் உடன் பணியாற்றியவர்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தொடர்ச்சியாகச் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் கணக்கு இருக்கிறது. உலகில் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காத எண்ணிக்கை அது.

அவ்வளவு பேருக்கு வால்வு சுருங்கக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் தொண்டையில் வரும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பின் காவல், குறி தவறி இதய வால்வையே தாக்குகிறது. நெருக்கமான வீடும் வறுமையும் இருக்கும் இடத்தில் இந்த நோய் தங்கும். 2001-02இல் சி.எம்.சி. மருத்துவர்கள் ஜேக்கப் ஜோசும் கோமதியும் வேலூர் மாவட்டக் கிராமப்புறப் பள்ளிகளில் 6 முதல் 18 வயது வரையிலான 2,29,829 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவில்தான் நோய் இருந்தது. முந்தைய கணக்குகளோடு ஒப்பிட்டால் நல்ல குறைவு. ஆனாலும் அந்த விகிதத்தை ஆட்களாக மாற்றினால் நூற்றைம்பதுக்கும் மேல். அன்றைய பிள்ளைகளுக்கு இன்று முப்பதும் நாற்பதும் வயது. பல் சொத்தையாகி, ஈறு இறங்கத் தொடங்கும் வயது.

வால்வு ரொம்பவும் கெட்டுப்போனால் மாற்ற வேண்டும். நம் ஊரில் பலர் நெஞ்சில் இருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல ஆண்டு உழைப்பில் உருவாகி, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வளையம், அதற்குள் சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும் பாலிஎதிலீன் தட்டு, இதயத்தோடு வைத்துத் தைக்கப் பாலியெஸ்டர் துணிப்பட்டை. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத லட்சம் பேருக்கு உயிர் கொடுத்த கருவி இது. இதைப் பொருத்திக்கொண்டவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. இரத்தம் கட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். வால்வில் கிருமி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே பல்லோடு சம்பந்தப்பட்டவை.

கிருமி எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். நல்ல வால்வின் மேல் உள்ள மெல்லிய படலம் வழுவழுப்பானது. அதில் எதுவும் ஒட்டாது. வால்வு தடித்தோ சுருங்கியோ போனால் இரத்தம் குறுகிய வழியாகப் பீறிட்டுப் பாய்கிறது. அந்த வேகத்தில் படலம் உரசிக் கெடுகிறது. கெட்ட இடத்தில் இரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் படிகின்றன. மதகின் பலகையில் செத்தை சிக்கிக்கொள்வதுபோல, இரத்தத்தில் அடித்துவரும் கிருமி அந்தப் படிவில் சிக்குகிறது. நம் வாயில் எப்போதும் குடியிருக்கும் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இப்படி ஒட்டிக்கொள்வதில் தனித் திறமை இருக்கிறது. பல்லின் மேல் பிசுபிசுவென்று படலம் கட்டுவதும் அந்தத் திறமையால்தான். ஒட்டியதும் அதன் மேல் இன்னொரு அடுக்கு ஃபைப்ரின் படிகிறது. வெள்ளையணுக்கள் உள்ளே போய்ச் சேருவது கடினம், மருந்து ஊடுருவுவதும் கடினம். அதனால்தான் இந்த நோய் வந்தால் நான்கு முதல் ஆறு வாரம் வரை இரத்தக் குழாய் வழியாக ஊசி மருந்து போட வேண்டியிருக்கிறது. அப்படிப் போட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைக் காப்பாற்ற முடிவதில்லை. வால்வில் வளர்ந்த கட்டியின் துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

நோய் தொடங்குவது சத்தமில்லாமல். சாயந்திரம் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, இளைப்பு. டைஃபாய்டு என்பார்கள், டி.பி. என்பார்கள். இடையில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அமாக்ஸிசிலினை இரண்டு நாள் விழுங்கினால் காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். இதில் ஒரு பெரிய கெடுதல் இருக்கிறது. அரைகுறை மருந்து கிருமியைக் கொல்வதில்லை. இரத்தத்தை எடுத்து வளர்ப்புப் பரிசோதனை செய்யும்போது அது கண்ணில் படாமல் மட்டும் ஆக்கிவிடுகிறது. எந்தக் கிருமி என்று தெரியாமல் சிகிச்சை செய்ய வேண்டிய நிலைக்கு மருத்துவர் தள்ளப்படுகிறார். வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினால், எந்த மாத்திரையும் போடுவதற்கு முன்னால் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வாயும் இதயமும் தொடர்புடையவை என்பது நூறாண்டுகளுக்கு மேலாகத் தெரியும். 1909இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹோர்டர், வால்வில் ஏறும் கிருமிக்கு வாய் ஒரு முக்கியமான ஊற்று என்று எழுதினார். 1935இல் ஓகெல், எலியட் என்ற இருவர் பல் பிடுங்கிய உடனே நோயாளிகளின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். பத்தில் ஆறு பேர் இரத்தத்தில் கிருமி இருந்தது. ஈறு மோசமாக இருந்தவர்களில் சிலருக்குப் பல்லைத் தொடுவதற்கு முன்பே இருந்தது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் உலகம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை.

அதே காலத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டன் மருத்துவர் மான்ட்ரியலில் ஆற்றிய உரைக்குப் பிறகு, மூட்டு வலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் பல்லே காரணம் என்ற நம்பிக்கை மேலை நாடுகளில் பரவியது. நல்ல பற்களைக்கூட வாய் வாயாகப் பிடுங்கித் தள்ளினார்கள். நோய் எதுவும் தீரவில்லை. இன்று "ஈறு நோய் வந்தால் மாரடைப்பு வரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் படிக்கும்போது எனக்கு அந்தக் காலம் நினைவுக்கு வருகிறது. ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பு கூடுதலாகக் காணப்படுகிறது என்பது சரி. பீடியும் சர்க்கரை நோயும் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் என்பதும் சரி. ஈறு நோய்க்கு வைத்தியம் செய்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க இதயக் கழகம் 2012இல் தெளிவாகவே சொன்னது. பல் வைத்தியம் செய்துகொள்ள வேறு நல்ல காரணங்கள் நிறைய இருக்கின்றன. இல்லாத காரணத்தைச் சேர்க்க வேண்டியதில்லை.

1955 முதல் அமெரிக்க இதயக் கழகம் ஒரு வழக்கத்தைப் பரிந்துரைத்தது. வால்வுக் கோளாறு உள்ளவர் பல் பிடுங்குவதற்கு முன் கிருமிக்கொல்லி மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. யாருக்கெல்லாம் இது தேவை என்ற பட்டியலை 2007இல் கழகம் வெகுவாகச் சுருக்கியது. செயற்கை வால்வு உள்ளவர்கள், ஏற்கெனவே வால்வில் கிருமி ஏறிப் பிழைத்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், இதய மாற்று செய்து வால்வு கெட்டவர்கள் ஆகியோருக்கு மட்டும் போதும் என்றது. இவர்களுக்கு ஈறில் கை வைக்கும் வேலைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே வேளை. ஸ்டென்ட் வைத்தவருக்கும் பைபாஸ் செய்தவருக்கும் இது தேவையில்லை. ருமாட்டிக் வால்வு, இன்னும் மாற்றவில்லை என்றால்? இதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்கப் பட்டியலில் அது இல்லை; நம் ஊர் இதய மருத்துவர்கள் பலர் கொடுக்கவே சொல்கிறார்கள். உங்கள் வால்வைப் பார்த்தவர் சொல்வதைக் கேளுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்பவர் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் வாயில் உள்ள கிருமிகள் பென்சிலினுக்குப் பழகியிருக்கலாம். அவருக்கு வேறு வகை மருந்து தேவைப்படும்.

பட்டியல் சுருங்கியதற்கான காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்த ஆண்டே வெளியான ஒரு சோதனை அதை எண்களில் காட்டியது. 2008இல் லாக்ஹார்ட் குழுவினர் வெளியிட்ட, 290 பேரிடம் செய்த அந்தச் சோதனையில், மருந்தில்லாமல் பல் பிடுங்கியவர்களில் 60 சதவீதம் பேர் இரத்தத்தில் வால்வில் ஏறக்கூடிய வகைக் கிருமிகள் தென்பட்டன. அமாக்ஸிசிலின் கொடுத்துப் பிடுங்கியபோது 33 சதவீதம். வெறும் பல் தேய்த்தவர்களிடமும் 23 சதவீதம். பல்லை ஆயுளில் சில தடவைதான் பிடுங்குகிறோம். தினமும் தேய்க்கிறோம், மூன்று வேளை மெல்லுகிறோம். ஈறு வீங்கி இரத்தம் கசியும் வாயில், ஒவ்வொரு காலையும் கிருமிக்கு இரத்தத்துக்குள் போகும் கதவு திறக்கிறது. அப்படியானால் வால்வு நோயாளியைக் காப்பது அந்த ஒருவேளை மாத்திரையைவிட, இரத்தம் கசியாத ஈறு. தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று தேய்ப்பதை விட்டுவிடுபவர்கள் உண்டு. மென்மையான பிரஷ்ஷால், ஈறு ஓரத்தில் சாய்த்து, காலையும் இரவும் தொடர்ந்து தேய்த்தால், காறையும் எடுத்துவிட்டால், சில வாரத்தில் கசிவு நின்றுவிடும். "கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்பது காறை எடுத்த பிறகு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் தெரியவருவதால் வந்த பேச்சு.

இனி இரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரை. இங்கே பலரும் சாப்பிடுவது அசிட்ரோம் அல்லது வார்ஃபரின். பல் பிடுங்குவதற்காக இதைத் தாமே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உலோக வால்வில் இரத்தம் உறைந்தால் தட்டு அசையாமல் நின்றுவிடும். பல் குழியில் வரும் இரத்தத்தை விரலால் அழுத்தி நிறுத்தலாம். வால்வில் கட்டுவதை அப்படி நிறுத்த வழியில்லை.

சரியான பல் நாற்காலியில் நடப்பது இப்படி. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவை முந்தின நாளோ அன்று காலையோ பார்க்கிறார்கள். மருத்துவர் உங்களுக்கு வைத்திருக்கும் இலக்குக்குள், அதாவது பொதுவாக இரண்டுக்கும் மூன்றரைக்கும் இடையில் இருந்தால், மாத்திரையை நிறுத்தாமலே ஒன்றிரண்டு பல்லை எடுக்கலாம். காலை நேரத்தில் செய்வது நல்லது. கசிந்தால் பகலிலேயே திரும்பி வரலாம். மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். அதில் உள்ள அட்ரினலின் இதயத்தை விரட்டும் என்ற பயம் உண்டு. ஒன்றிரண்டு குப்பிக்குள், இரத்தக் குழாய்க்குள் போகாமல் மெதுவாகப் போட்டால் பெரும்பாலான இதய நோயாளிகளுக்கு அது தாங்கும். மரக்காமல் வலியோடு பிடுங்கினால் உடம்பே சுரக்கும் அட்ரினலின் அதைவிட அதிகம். பல்லை மெல்ல அசைத்து எடுத்ததும் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கரையும் ஜெலட்டின் பஞ்சை உள்ளே வைத்து, இரண்டு தையல் போடுகிறார்கள். டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியை அரை மணி கடித்திருக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போய் அன்று முழுக்கக் கொப்பளிக்கக் கூடாது, துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது, சூடாக எதுவும் குடிக்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால்.

மெடிக்கல் ஷாப் உறையில் இருந்த மற்ற இரண்டு மாத்திரைகளையும் இப்போது பாருங்கள். மெட்ரோனிடசோல், அசிட்ரோமும் வார்ஃபரினும் உடம்பில் சிதைவதைத் தடுத்து ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். டைக்ளோஃபெனாக் வயிற்றைப் புண்ணாக்கும், தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். பல் வலிக்கு வாங்கிய அந்தச் சாதாரண உறை, வால்வு மாற்றியவருக்குச் சாதாரணமானதே இல்லை.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் பல்லுக்காக நிறுத்தக் கூடாது. மாரடைப்பு வந்து ஓரிரு மாதம் ஆகும்வரை அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிவைக்கலாம், சீழ் பிடித்ததைத் தள்ளிவைக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கவைத்துப் பல்லை மூடும்; மருத்துவரிடம் காட்டினால் வேறு மாத்திரை தருவார். இன்னொன்று. மேட்டில் ஏறும்போது கீழ்த் தாடை வலித்து, உட்கார்ந்ததும் அடங்கினால் அது பல் வலி இல்லை. இதய வலி தாடையில் காட்டுவது அப்படித்தான். பல் வலி குளிர்ந்த தண்ணீருக்கும் கடிப்பதற்கும் கூடும், மேடு ஏறி இறங்குவதால் கூடுவதில்லை.

பல் போன பிறகு என்ன? நான்கைந்து கடவாய்ப் பல் போனவர் தட்டைக் கவனித்திருக்கிறேன். கீரைத் தண்டு ஒதுங்குகிறது, கொய்யா ஒதுங்குகிறது, வேர்க்கடலையும் சுண்டலும் ஒதுங்குகின்றன. குழைந்த சோறும் டீயில் நனைத்த பன்னும் மிஞ்சுகின்றன. சர்க்கரையும் கொழுப்பும் கட்டுப்பட வேண்டிய ஒருவருக்கு இதைவிடத் தவறான சாப்பாடு இல்லை. ஆகவே பல் கட்டிக்கொள்வது அழகு சார்ந்த ஆடம்பரம் அல்ல.

முதலில் ஒரு எச்சரிக்கை. சந்தைப் பக்கமும் பேருந்து நிலையம் பக்கமும் "ஒரே மணி நேரத்தில் பல் கட்டப்படும்" என்று உட்கார்ந்திருப்பவர்கள், பக்கத்துப் பற்களோடு கம்பி சுற்றி, வாய்க்குள்ளேயே இறுகும் அக்ரிலிக் பசையைக் குழைத்து அப்பிவிடுகிறார்கள். அடியில் உடைந்த வேர் அப்படியே இருக்கும். பிரஷ் போக இடமில்லை. சில மாதத்தில் ஈறு அழுகி, சீழ் வைக்கும். பணம் குறைவு என்பதால் ஏழைகள்தான் அங்கே போகிறார்கள். ருமாட்டிக் வால்வு நோயும் ஏழைகளைத்தான் தேடி வருகிறது. அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அங்கே முதலில் வேரை எடுப்பார்கள்.

கழற்றி மாட்டும் செட் மலிவானது, கத்தி வேலை இல்லாதது. அதை மாட்டுவதற்குக் கிருமிக்கொல்லி மருந்தும் வேண்டாம். பக்கத்துப் பற்களைத் தேய்த்து அவற்றின் மேல் நிலையாக ஒட்டும் பிரிட்ஜுக்கும் கத்தி வேலை இல்லை, ஆனால் ஈறில் கை வைக்க வேண்டியிருந்தால் மருந்து வேண்டும். எலும்பில் திருகும் இம்ப்ளான்ட் வேறு கதை. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானெமார்க் முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போனதைக் கண்டு, 1965இல் ஒரு மனிதரின் தாடையில் முதலில் பொருத்தினார். இதய நோய் இருப்பதாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்பதில்லை. ஸ்டென்ட் வைத்து நிலைப்பட்டு, சர்க்கரை கட்டுக்குள் இருந்து, பீடியை விட்டவருக்கு அது நன்றாகவே பிடிக்கும். செயற்கை வால்வு உள்ளவருக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது ஐரோப்பிய இதயக் கழகம். என் கருத்து இன்னும் கொஞ்சம் இறுக்கமானது. இம்ப்ளான்டைச் சுற்றியும் ஈறு புண்ணாகும், அது பல்லைச் சுற்றி வருவதைவிட ஆற்றக் கடினம். தினமும் அதைச் சுத்தம் செய்யவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டவும் முடியாத ஒரு வால்வு நோயாளிக்கு நான் செட்டையே சொல்வேன். இதில் எதையும்விட நல்லது, வால்வு மாற்றுவதற்கு முன்பே வாயைச் சரிசெய்துவிடுவது. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே பல் பிரிவுக்கும் போய், எடுக்க வேண்டியதை எடுத்து, குழி ஆற இரண்டு வாரமாவது விட்டுவிட்டால், பின்னால் வரும் பாதித் தொல்லை வராது.

செட் கட்டியவர் பல் டாக்டரை மறந்துவிடக் கூடாது. பல் இல்லாத தாடை எலும்பு ஆண்டுக்கு ஆண்டு தேயும். நேற்று கச்சிதமாக இருந்த செட் இன்று ஆடும், ஆடும் செட் ஈறை அறுக்கும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கழற்றாமல் தூங்கினால் அடியில் பூஞ்சை படர்ந்து அண்ணம் செக்கச்செவேல் என்று எரியும். அதற்குக் கடையில் கேட்டால் கிடைக்கும் மைக்கோனசோல் ஜெல்லை, வாய்க்குள் மட்டும்தானே தடவுகிறோம் என்று வாங்கிவிடாதீர்கள். அது உடம்புக்குள் போய் வார்ஃபரினின் வேகத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும், அசிட்ரோமையும் விடாது. நிஸ்டாட்டின் சொட்டு மருந்து அப்படிச் செய்வதில்லை. எழுதித் தருபவரிடம் எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டு அதைக் கேட்டு வாங்குங்கள்.